ஸ்ட்ராப் இல்லாத கவுன் எதைப் பிடித்து நிற்கிறது?

கல்யாண கவுன், விருந்து கவுன் தைப்பது பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன். ஒரே விஷயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். படத்தை மட்டும் அனுப்பி, "இது எனக்கு எடுப்பாக இருக்குமா?" என்று கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். ஆளைப் பார்க்காமல் அதற்குப் பதில் சொல்லும் வித்தை எனக்குக் கைவரவில்லை.

கேள்வி: தோளில் பட்டையே இல்லாத கவுன் போட ஆசை. ஆனால் விழா முழுக்க அதை மேலே மேலே இழுத்துவிட்டுக்கொண்டே நிற்கும் பெண்களைப் பார்த்தால் பயமாக இருக்கிறது. மார்பைச் சுற்றி இன்னும் இறுக்கமாகத் தைத்துவிட்டால் சரியாகிவிடுமா? — ஒரு மணப்பெண்

பதில்: ஆகாது. இன்னும் சீக்கிரமாகத்தான் இறங்கும். மார்புக்குக் கீழே உடம்பு இடுப்பை நோக்கிக் குறுகிக்கொண்டே போகிறது. மேலே இறுகப் பிடித்த துணி, கொஞ்சம் அசைந்தாலும் குறுகலான இடம் தேடிக் கீழே வழுக்கிவிடும். போதாததற்குப் பாவாடையின் கனம் வேறு கீழே இழுக்கிறது. நெட் அடுக்கும் மணி வேலையும் சேர்ந்த பாவாடை நாலைந்து கிலோ வந்துவிடும். அத்தனையையும் மார்பு தாங்கிக்கொள்ளட்டும் என்று விடுவது நியாயமே இல்லை.

தாங்க வேண்டியது இடுப்பு. மலையேறுகிறவர்களின் முதுகுப்பையில் இடுப்புப் பட்டை இருக்கிறதே, அதே கணக்குதான். வெளியே தெரிகிற சாட்டினுக்கு உள்ளே, இழுத்தாலும் நீளாத கெட்டிப் பருத்தித் துணியில் இன்னொரு மேல்பாகம் தனியாகத் தைக்க வேண்டும். அதன் நெடுந்தையல்களில் எல்லாம் போனிங், அதாவது துணியை விறைப்பாக நிறுத்தும் பட்டை, ஓட வேண்டும். இடுப்பு எங்கே மிகவும் குறுகுகிறதோ அந்த இடத்தில், உள்பக்கமாக ஒரு இன்ச் அகலத்துக்குக் கெட்டி ரிப்பன். என்னைக் கேட்டால் மொத்த கவுனிலும் முக்கியமான சாமான் இந்த ரிப்பன்தான். இடுப்பு 28 என்றால் ரிப்பனுக்கு 27-இல் கொக்கி வைப்பேன். அதை முழு நீளத்துக்கும் தைத்துவிடக் கூடாது. தையல் வரும் இடங்களில் மட்டும் நாலு குத்து போட்டு நிறுத்திவிட்டு, பின்பக்கத் திறப்புக்கு அருகே இரண்டு பக்கமும் மூன்று இன்ச் சும்மா விட வேண்டும். அப்போதுதான் ஜிப்பைத் தொடாமலே ரிப்பனை மாட்ட முடியும். போடும்போதும் அதே வரிசை: முதலில் ரிப்பன் கொக்கி, அப்புறம் ஜிப். பாவாடையின் பாரம் ரிப்பனில் இறங்கும். ரிப்பனுக்குக் கீழே உடம்பு அகலமாவதால் ரிப்பன் அதற்குக் கீழே போகாது. மார்புப் பகுதிக்கு உடம்போடு ஒட்டி நிற்பதைத் தவிர வேறு வேலை இருக்காது.

போனிங்கில் பிளாஸ்டிக் பட்டையும் உண்டு, சுருள் கம்பியும் உண்டு. பிளாஸ்டிக் உடம்புச் சூட்டில் மெதுவாக வளைந்து, வளைந்தபடியே நின்றுவிடும். சுருள் கம்பி முன்பின்னாகவும் பக்கவாட்டிலும் வளைந்து திரும்பி வரும். வளைவான தையல்களுக்கு அதுதான் சரி. எதைப் போட்டாலும் அதன் குழலைவிட மேலே கால் இன்ச், கீழே கால் இன்ச் குட்டையாக வெட்டி, முனைக்குத் தொப்பி மாட்டச் சொல்லுங்கள். அந்தக் கால் இன்ச்சை விடாத கவுன்தான் உட்காரும்போது விலாவில் குத்துகிறது.

ட்ரையலின்போது ரிப்பனை மட்டும் மாட்டி, ஜிப்பைத் திறந்தே வைத்துக்கொண்டு இரண்டு கையையும் தூக்குங்கள். குனிந்து நிமிருங்கள். முன்பக்கம் இருந்த இடத்திலேயே இருந்தால் தைத்தவருக்கு வேலை தெரிந்திருக்கிறது. இது ஒன்றும் புதுக் கண்டுபிடிப்பில்லை. 19-ஆம் நூற்றாண்டில் பாரிஸில் அரச குடும்பத்துப் பெண்களுக்கு உடை தைத்த சார்லஸ் ஃபிரெடெரிக் வொர்த், தன் பெயரைப் பொறித்து வைத்ததே இந்த உள் இடுப்பு நாடாவில்தான். இன்று பெயர்ச்சீட்டைக் கழுத்தில் குத்துகிறார்கள். நாடாவைத்தான் காணோம்.

கேள்வி: கல்யாணத்துக்கு நான்கு மாதம் இருக்கிறது. இப்போதே கவுன் கொடுக்க வேண்டுமா? அதற்குள் இன்னும் ஐந்து கிலோ குறைக்கலாம் என்று இருக்கிறேன். — இன்னொரு மணப்பெண்

பதில்: இப்போதே கொடுங்கள். துணி தேர்ந்தெடுப்பது, விலை குறைந்த பருத்தியில் ஒரு மாதிரி தைத்துப் பார்ப்பது, அதைத் திருத்துவது, நல்ல துணியை வெட்டி ஓட்டுத்தையலில் ஒரு ட்ரையல், முழுத் தையலில் ஒரு ட்ரையல், கடைசியாகக் காலணியோடு நிற்க வைத்து அடி மடிப்பு என்று வரிசையாக இருக்கிறது. கையால் மணி கோக்கும் வேலை இருந்தால் நான்கு மாதமே இழுபறிதான்.

எடை விஷயத்தில் ஒன்று சொல்கிறேன். "குறைத்துவிடுவேன், சின்னதாகவே தைத்துவிடுங்கள்" என்று சொல்பவர்களுக்கு நான் இன்றைய அளவில்தான் வெட்டுவேன். பிடித்துக் குறைப்பது சாயங்கால வேலை. இல்லாத துணியைக் கூட்டுவதற்கு எந்தச் சாயங்காலமும் போதாது. கடைசி ட்ரையல் விழாவுக்கு இரண்டு வாரம் முன்னால் இருக்கட்டும். அதற்கு முன்பே முடித்தால் உடம்பு மாறிவிடுகிறது, அதற்கும் பிந்தினால் திருத்த நேரம் இருக்காது.

அவசரத்துக்கு ஒரு கதை உண்டு. 1953-இல் ஜாக்குலினுக்கும் ஜான் எஃப். கென்னடிக்கும் நடந்த கல்யாணத்துக்குக் கவுன் தைத்தவர் ஆன் லோ என்ற கறுப்பினப் பெண்மணி. விழாவுக்குப் பத்து நாள் இருக்கும்போது அவர் தையல்கூடத்தில் தண்ணீர் புகுந்து மணப்பெண் கவுனும் தோழியர் கவுன்களும் பாழாகிவிட்டன. புதிதாகத் துணி வாங்கி, மறுபடி வெட்டித் தைத்து, சொன்ன நாளுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். நஷ்டத்தையும் அவரே சுமந்தார். பேட்டர்ன், அதாவது துணி வெட்டுவதற்கான காகித மாதிரி, முடிவாகி, அளவெல்லாம் தீர்ந்திருந்ததால்தான் அது நடந்தது. முதல் நாளிலிருந்து தொடங்க வேண்டியிருந்தால் ஆன் லோவாலும் முடிந்திருக்காது.

கேள்வி: தினசரி உடுப்புகள் தைத்து நல்ல பெயர் வாங்கியிருக்கிறேன். கவுன் ஆர்டர் எடுக்கப் பயமாக இருக்கிறது. அளவெல்லாம் சரியாகத்தான் எடுக்கிறேன், ஆனாலும் ட்ரையலில் எங்கேயாவது சுருக்கம் விழுகிறது. எங்கிருந்து தொடங்கலாம்? — தையல் கடை வைத்திருக்கும் வாசகி

பதில்: காடா துணியிலிருந்து தொடங்குங்கள் தங்கச்சி. டேப் சுற்றளவைச் சொல்லும். அந்தச் சுற்றளவு முன்பக்கம் எவ்வளவு, முதுகுப் பக்கம் எவ்வளவு என்று அதற்குத் தெரியாது. மார்புச் சுற்று 36 உள்ள இரண்டு பெண்களை அருகருகே நிற்க வைத்துப் பாருங்கள். ஒருவருக்கு முதுகு அகலம், இன்னொருவருக்கு முன்பக்கம் நிறைவு. தினசரி உடையில் கொஞ்சம் லூசு இருப்பதால் இந்த வித்தியாசம் மறைந்துவிடும். உடம்போடு ஒட்டி நிற்க வேண்டிய கவுனில் மறையாது.

அதனால் முதலில் காடாவில் மேல்பாகத்தைத் தையுங்கள். லைனிங் வேண்டாம், கழுத்து முடிக்க வேண்டாம், பெரிய தையலாகப் போட்டால் போதும். நடு முன்பக்கம், மார்புக் கோடு, இடுப்புக் கோடு மூன்றையும் பேனாவால் துணியிலேயே வரைந்துவிடுங்கள். விழா அன்று போடப்போகும் உள்ளாடையோடுதான் அவர் வர வேண்டும். இதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் அன்றைய ட்ரையல் வீண். மாட்டிவிட்டதும் முதலில் கோடுகளைப் பாருங்கள். இடுப்புக் கோடு முன்னால் மேலே ஏறியிருக்கிறதா? மார்பின்மேல் ஏறி இறங்கத் துணி நீளம் போதவில்லை என்று அர்த்தம்.

அப்புறம் சுருக்கங்களைப் படிக்க வேண்டும். இழுத்துக்கொண்டு நிற்கும் கோடு எந்த இடத்தை நோக்கி ஓடுகிறதோ அங்கேதான் துணி போதாது. தளர்ந்து மடிந்து தொங்குகிற இடத்தில் துணி அதிகம். மார்பு முனையிலிருந்து அக்குளுக்கும் இடுப்புக்குமாகக் கோடுகள் விரிந்தால் முன்பக்கத்துக்கு இன்னும் இடம் கேட்கிறது. பயப்படாமல் கத்தரியை எடுத்து, ஆள்மேல் படாமல், காடாவை மார்பு முனை வரைக்கும் வெட்டித் திறந்துவிடுங்கள். துணி தானாக விலகிக்கொள்ளும். விலகிய இடைவெளிக்கு அடியில் ஒரு துண்டை வைத்துப் பின் குத்துங்கள். அந்த இடைவெளியின் அளவுதான் பேட்டர்னில் நீங்கள் கூட்ட வேண்டிய அளவு. ஊகமே வேண்டாம்.

பின்பக்கம் இடுப்புக்குச் சற்று மேலே குறுக்காக ஒரு மடிப்பு விழுந்து உட்கார்ந்திருக்கும். பெரும்பாலோருக்கு வரும். "பின்னால் டைட்டாக இருக்கிறது" என்று நினைத்துப் பக்கத் தையலைப் பிரித்துவிடாதீர்கள். முதுகின் நீளம் அதிகம், அவ்வளவுதான். மடிப்பைக் கிள்ளிப் பின் குத்தி, கிள்ளிய அளவை முதுகுப் பேட்டர்னில் குறுக்காக மடித்துக் குறைத்தால் போய்விடும். ஒரு பக்கம் மட்டும் கழுத்திலிருந்து அக்குளுக்குச் சாய்வாக மடிப்பு விழுந்தால், அந்தத் தோள் தாழ்ந்திருக்கிறது. இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருக்கும் மனிதர்கள் அபூர்வம்.

நிற்க வைத்துப் பார்த்து முடித்தால் போதாது. உட்காரச் சொல்லுங்கள், யாரையாவது கட்டிப்பிடிப்பது போல் கையை முன்னால் நீட்டச் சொல்லுங்கள். திருத்திய கோடுகளையெல்லாம் காகித பேட்டர்னுக்கு மாற்றிய பிறகே நல்ல துணியைத் தொட வேண்டும். சாட்டினில் ஊசி போன தடம் அப்படியே நிற்கும். பிரித்துத் தைத்தால் பழைய கோட்டில் புள்ளி புள்ளியாகத் தெரியும். அதனால் எல்லாத் தவறும் காடாவிலேயே நடந்து முடிந்துவிட வேண்டும். பக்கத் தையலிலும் பின் நடுவிலும் உள்ளே ஒரு இன்ச் துணி விடுங்கள். அரை இன்ச் விட்டுச் சிக்கனம் பிடிக்க இது தினசரி உடுப்பு இல்லை.

கேள்வி: இடுப்பு 28, இடுப்பிலிருந்து தரை வரை 42 இன்ச். முழு வட்டப் பாவாடை வைத்த கவுனுக்கு 44 இன்ச் அகலத் துணி எத்தனை மீட்டர் வாங்கலாம்? — வீட்டிலேயே தைப்பவர்

பதில்: முதலில் அகலத்தை மாற்றுங்கள். கணக்கைப் பாருங்கள். 28-ஐ 6.28-ஆல் வகுத்தால் நாலரை இன்ச். இடுப்பு வளைவின் ஆரம் அது. நீளம் 42 சேர்த்தால் 46½. கால் வட்டம் ஒன்றை வெட்டவே இரண்டு பக்கமும் 46½ இன்ச் வேண்டும். 44-இல் அது அடங்காது. 58 அல்லது 60 இன்ச் அகலத் துணி கிடைத்தால் நான்கு கால் வட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து வெட்டலாம். 186 இன்ச், தையலுக்கும் மடிப்புக்கும் சேர்த்து ஐந்து மீட்டர். 44 இன்ச் துணிதான் பிடித்திருக்கிறது என்றால் எட்டுத் துண்டுகளாக வெட்டி இணைக்க வேண்டும். ஒவ்வொரு துண்டின் அடியும் 36 இன்ச் அகலம் வரும், 44-க்குள் அடங்கிவிடும். ஆனால் துணி கிட்டத்தட்ட ஒன்பது மீட்டர் பிடிக்கும். அரை வட்டம் போதும் என்றால் செலவு பாதியாகும். மெல்லிய துணி இல்லாவிட்டால் நான் அரை வட்டத்துக்குத்தான் ஓட்டுப் போடுவேன்.

வெட்டித் தைத்த கையோடு அடி மடிக்கக் கூடாது. வட்டத்தில் சில இடம் நேர் இழை, சில இடம் சாய்வு இழை. சாய்வில் வரும் பகுதி தன் கனத்தாலேயே நீண்டு இறங்கும். ஒரு இரவாவது, கிரேப் மாதிரி கனத்துணி என்றால் இரண்டு நாள், தொங்கவிடுங்கள். அப்புறம் ஆளுக்குக் காலணியோடு மாட்டி, தரையில் அளவுகோலை நிறுத்தி, சுற்றிலும் ஒரே உயரத்தில் குறியுங்கள். இடுப்பிலிருந்து கீழே அளந்து குறித்தால் கோணலாகத்தான் வரும். சாய்வு இழையின் இந்தக் குணத்தையே பலமாக மாற்றிக்கொண்டவர் பிரெஞ்சுக்காரர் மாட்லேன் வியோனே. 1920-களில் துணியைச் சாய்வாக வெட்டி, உள்ளே சட்டம் எதுவும் இல்லாமல் உடம்போடு வழிய விட்டார். சின்ன மரப் பொம்மைமேல் துணியைச் சுற்றிப் பார்த்துத்தான் மாதிரி செய்வாராம். சாய்வுத் துணியோடு பழக நினைப்பவர்களுக்கு இன்றைக்கும் அது நல்ல வழி. பொம்மைக்குக் கைக்குட்டை அளவு துணி போதும்.

கேள்வி: ஒரு கவுனுக்குத் தையல் கூலி இவ்வளவா? துணியின் விலையை விடக் கூலி அதிகமாக இருக்கிறதே! — மணப்பெண்ணின் அண்ணன்

பதில்: தம்பி, மேலே சொன்ன பாவாடையின் அடிச் சுற்றளவு 292 இன்ச். ஏழு மீட்டருக்கும் மேல். லைனிங்குக்கும் உண்டு, ஆக பதினைந்து மீட்டர் மடிப்பு. நூல் வெளியே தெரியாமல் கையால் தைத்து முடித்துவிட்டு வாருங்கள், கூலி பேசலாம்.

கேள்வி: சாட்டினும் டாஃபெட்டாவும் அழகாகத்தான் இருக்கின்றன. காரிலிருந்து இறங்குவதற்குள் கசங்கிவிடுமே? — ஒரு வாசகி

பதில்: கசங்கும். 1981 ஜூலையில் டயானாவின் கல்யாணத்தை உலகமே பார்த்தது. 25 அடி நீளத்துக்குப் பின்தொங்கல் வைத்த டாஃபெட்டா கவுன். அத்தனை துணியையும் மடித்து வண்டிக்குள் திணித்துக்கொண்டு வந்து இறங்கியபோது எங்கு பார்த்தாலும் மடிப்பு. கவுனைக் குறை சொல்ல மாட்டேன். வண்டியின் அளவை யாரும் டேப் வைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

துணி வாங்கும்போது ஒரு மூலையை உள்ளங்கையில் பொத்தி அரை நிமிடம் இறுக்கிப் பிடித்து விடுங்கள். விட்டதும் கோடு நின்றால் நின்றதுதான். நல்ல கனமான சாட்டின் கொஞ்சம் மீளும். கிரேப் நன்றாகவே மீளும். டாஃபெட்டா மீளாது. அதற்காக ஒதுக்கவும் வேண்டாம். விறைப்பாக நின்று விரிகிற பாவாடைக்கு அதன் சரசரப்பு தனி அழகு. நின்று வரவேற்கிற விழாவுக்கு டாஃபெட்டா, நெடுநேரம் உட்கார வேண்டியதற்குக் கிரேப் என்று நான் பிரித்துச் சொல்வேன்.

இஸ்திரி விஷயத்திலும் கவனம். சாட்டினில் தண்ணீர் தெளித்தால் சொட்டு விழுந்த இடம் வட்டமாகக் கறை போல நிற்கலாம். உள்பக்கம் திருப்பி, குறைந்த சூட்டில், மேலே பட்டு ஆர்கன்சா துண்டு ஒன்றை விரித்துத் தேயுங்கள். ஆர்கன்சா வழியாகக் கீழே நடப்பது தெரியும். தையல் விளிம்புகளை இரு பக்கமும் விரித்துத் தேய்க்கும்போது இரண்டு பக்க விளிம்புக்கும் அடியில் காகிதப் பட்டை ஒன்றைச் சொருகிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் விளிம்பின் தடம் வெளிப்பக்கம் வரி வரியாகப் பதிந்துவிடும். வாடகை கவுனையும் நல்ல கவுனையும் நான் தூரத்திலிருந்தே பிரித்துச் சொல்வது அந்த வரியை வைத்துத்தான்.

கேள்வி: சீக்வின் துணியைத் தைத்தால் ஊசி உடைந்துகொண்டே இருக்கிறது. கனமான ஊசி போடலாமா? — தையல் பழகுபவர்

பதில்: கனமான ஊசி போட்டால் இன்னும் பெரிதாக உடையும். தையல் ஓடப்போகும் கோட்டில் சீக்வினே இருக்கக் கூடாது. வெட்டியதும் தையல் விளிம்பு முழுக்க, கோட்டுக்கு அந்தப் பக்கமும் ஒரு நூல் அளவுக்கு, ஒவ்வொன்றாக எடுத்துவிடுங்கள். நூலை வெட்டி எடுத்தால் வரிசையே உருவிக்கொண்டு வரும். சீக்வினைத்தான் நறுக்க வேண்டும், நூலை அப்படியே விட வேண்டும். கண்ணாடி மணியாக இருந்தால் சின்னக் குறடால் நசுக்கி உதிர்க்கலாம். கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள். ஜிப் தைக்கிற ஒற்றைக்கால் பாதத்தை மாட்டித் தையுங்கள். தைத்து முடித்ததும் எடுத்து வைத்தவற்றில் நல்லதைப் பொறுக்கி, தையல்மேல் கையால் குத்தி நிரப்பினால் இணைப்பு எங்கே என்று நீங்களே தேட வேண்டியிருக்கும். சூடு மட்டும் காட்டாதீர்கள். பிளாஸ்டிக் சீக்வின் சுருண்டுவிடும்.

லேஸுக்கு வேறு வழி. நேர்க்கோட்டில் வெட்டி இணைத்தால் பூக்கள் பாதி பாதியாக நிற்கும். பூவின் ஓரத்தைச் சுற்றி வெட்டி, ஒரு துண்டை இன்னொன்றின்மேல் படியவைத்து, பூவின் விளிம்பைக் கையால் தையுங்கள். நேரம் தின்னும். ஆனால் லேஸ் கவுனுக்கு அழகே அதில்தான்.

கேள்வி: நான் கொஞ்சம் பருமன். உடம்பு தெரியாத மாதிரி லூசாகத் தைத்துக்கொள்வது நல்லதுதானே? — கல்லூரிப் பேராசிரியை, விருந்து கவுனுக்காக

பதில்: இல்லை, மேடம். லூசான துணி உடம்பில் மிகவும் முன்னே நிற்கும் இடத்திலிருந்து நேராகத் தொங்கும். மார்பு எவ்வளவு அகலமோ அவ்வளவு அகலமாக ஆள் முழுவதும் தெரியும். தோளிலிருந்து மார்பு வழியாகக் கீழே ஓடும் நெடுந்தையல் (பிரின்சஸ் கட்) வைத்து, மார்புக்குக் கீழே உடம்போடு வந்து, அப்புறம் விரியும்படி தைத்தால் உங்கள் உருவத்துக்கு ஒரு வடிவம் கிடைக்கும். அதோடு அக்குள் வளைவை மேலே தூக்கி வெட்டச் சொல்லுங்கள். பலர் கை தூக்க வசதியாக இருக்கட்டும் என்று அக்குளை இறக்கிவிடுகிறார்கள். அப்படி இறக்கினால் கை தூக்கும்போது கவுன் மொத்தமும் கூடவே மேலே வரும். வளைவு அக்குளுக்கு அருகில் இருந்தால் கை மட்டும் தனியாக அசையும். அப்புறம், பருமன் என்று எழுதியதற்கு மன்னிப்புக் கேட்கும் தொனி உங்கள் கடிதம் முழுக்க இருந்தது. டேப்புக்கு அந்த மாதிரி அபிப்பிராயமெல்லாம் கிடையாது.

கேள்வி: தூய வெள்ளையா, தந்த நிறமா? — பெயர் வெளியிட விரும்பாதவர்

பதில்: பகல் வெளிச்சத்தில் ஜன்னலருகே நின்று இரண்டையும் முகத்துக்குக் கீழே பிடித்துப் பாருங்கள், அப்புறம் மஞ்சள் விளக்கில் பாருங்கள். சலவை வெள்ளை பல முகங்களுக்கு நீலம் அடிக்கும். பட்டிலேயே தைப்பதாக இருந்தால் பட்டின் இயல்பான நிறம் தந்தத்துக்குப் பக்கம்தான். வெள்ளையைத்தான் போட வேண்டும் என்ற நிர்பந்தமும் இல்லை. 1840-இல் விக்டோரியா ராணி வெள்ளைப் பட்டும் இங்கிலாந்தின் ஹோனிட்டன் லேஸும் உடுத்திக் கல்யாணம் செய்துகொண்ட பிறகு அந்தப் பழக்கம் பரவியது. அதற்கு முன் ஐரோப்பாவில் மணப்பெண்கள் தங்களிடம் இருந்ததில் நல்ல உடுப்பை, எந்த நிறமானாலும், போட்டுக்கொண்டார்கள்.

கேள்வி: அம்மாவின் கல்யாண கவுனை நான் போட்டுக்கொள்ள ஆசைப்படுகிறேன். அம்மாவைவிட நான் நான்கு இன்ச் பெரிது. முடியுமா? — மகள்

பதில்: துணி சம்மதித்தால் முடியும். உள்பக்கத்தில் தெரியாத ஓர் இடத்தைப் பிடித்து நெடுக்கிலும் குறுக்கிலும் மெதுவாக இழுத்துப் பாருங்கள். இழை விட்டாலோ, வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கும்போது மடிப்புக் கோடுகளில் ஊசி ஊசியாகத் துளை தெரிந்தாலோ, அந்தத் துணி இன்னொரு கல்யாணத்தைத் தாங்காது. லேஸை மட்டும் எடுத்துப் புது கவுனில் வைத்துக்கொள்ளுங்கள். துணி திடமாக இருந்தால் நான்கு இன்ச் பெரிய விஷயமில்லை. பின்பக்க ஜிப்பை எடுத்துவிட்டுக் கயிறு கோத்துக் கட்டும் மாதிரி மாற்றினால் இரண்டு மூன்று இன்ச் அங்கேயே கிடைத்துவிடும். மிச்சத்துக்குப் பக்கத் தையலில் பட்டை சேர்க்கலாம். பழைய துணிக்குப் பொருந்துகிற நிறத்தில் புதுத் துணி கிடைக்காது, தேடி அலைய வேண்டாம். வேண்டுமென்றே வேறு துணியாக, லேஸாகவோ ஆர்கன்சாவாகவோ வையுங்கள்.

உங்கள் அம்மா ஒருவேளை அன்றைக்கே கறையெல்லாம் துடைத்து வைத்தேன் என்பார். இருந்தாலும் பழுப்புத் திட்டுகள் இருக்கும். நிறமில்லாத இனிப்புப் பானம் சிந்தினால் காய்ந்ததும் ஒன்றும் தெரியாது. உள்ளே தங்கிய சர்க்கரை நாளாக ஆகப் பழுப்பாகும். அதனால் புதுக் கவுன்காரர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: விழா முடிந்த கையோடு சலவைக்குக் கொடுங்கள், எங்கே என்ன சிந்தியது என்று சொல்லியே கொடுங்கள். பிளாஸ்டிக் உறையில் அடைக்காதீர்கள். அமிலம் இல்லாத டிஷ்யூ காகிதத்தை மடிப்புகளுக்குள் உருட்டி வைத்துப் பெட்டியில் படுக்க வையுங்கள். மணி வேலை உள்ளதைத் தோளில் தொங்கவிட்டால் தோள் கிழியும். பின் எதுவும் குத்தியபடி விட்டுவிடாதீர்கள், துரு இறங்கும்.

கேள்வி: பின்தொங்கல் வைத்த கவுனோடு விருந்தில் எப்படி நடமாடுவது? எல்லோரும் மிதிக்கிறார்களே? — ஒரு தோழி

பதில்: தூக்கி மாட்டிக்கொள்ள உள்ளே ஏற்பாடு இருக்க வேண்டும். பின்தொங்கலில் சின்னக் கொக்கி வளையங்களும் இடுப்புக்குக் கீழே தையலோடு தையலாகப் பொத்தான்களும் வைத்தால், மாட்டியதும் பின்பக்கம் கொசுவம் மாதிரி மடிந்து நிற்கும். எந்த வளையம் எந்தப் பொத்தானுக்கு என்று ஜோடிக்கு ஒரு நிற நூலால் அடையாளம் போட்டு வைப்பேன். கடைசி ட்ரையலுக்குத் தோழியும் வந்து மாட்டிப் பழகிக்கொள்ள வேண்டும். விழா அன்று அவசரத்தில் மணப்பெண்ணின் முதுகுக்குப் பின்னால் குனிந்து நிற்கப் போவது அவர்தானே.

கேள்வி: கவுனில் பாக்கெட் வைக்கலாமா? சிரிக்காதீர்கள். — ஒரு மணப்பெண்

பதில்: சிரிக்கவில்லை, என்னிடம் வருபவர்களை நானே "வைக்கலாமா?" என்று கேட்பேன். பக்கத் தையலில் மறைவாக வரும். பை மட்டும் தொங்கினால் கனம் தாங்காமல் அந்த இடத்தில் பாவாடை பிதுங்கும். அதனால் பையின் மேல்முனையில் ஒரு நாடா தைத்து, முதல் பதிலில் சொன்ன உள் இடுப்பு ரிப்பனோடு இணைத்துவிட வேண்டும். கைக்குட்டை, உதட்டுச் சாயம், நாலு ஊக்கு வைத்துக்கொள்ளலாம். போனை மட்டும் தோழியிடம் கொடுத்துவிடுங்கள்.